விருந்தாளிகளின் நகரத்தில் ஒரு பாட்டு

தில்லியின் மெட்டல் குழு ஒன்று தன் ஆல்பத்தில் ஜப்பானியப் பெண்களைப் பாட அழைத்தது. அந்தப் பாட்டின் பெயரை மொழிபெயர்க்கப் போய், ஒரு குளிர்காலம் முழுக்க ஊரைச் சுற்ற வேண்டியதாயிற்று.

ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் மாலை ஆறரை மணிக்கு யாரும் நடப்பதில்லை. கூட்டம் நடத்திக்கொண்டு போகிறது. பல்கலைக்கழகப் பக்கமிருந்து வரும் மஞ்சள் தடமும் யமுனையைத் தாண்டிப் போகும் நீலத் தடமும் கனாட் பிளேஸுக்கு அடியில் இங்கேதான் சந்திக்கின்றன. கல்லூரியிலிருந்து வரும் மகளும் அலுவலகத்திலிருந்து இறங்கும் நானும் வாரத்தில் மூன்று நாளாவது இங்கே சேர்ந்து மயூர் விஹார் போகிறோம். முதல் பெட்டி பெண்களுக்கு. 2010 அக்டோபரிலிருந்து அப்படி.

சென்ற நவம்பரில் ஒரு நாள், வண்டி இந்திரப்பிரஸ்தா தாண்டிப் பாலத்தில் ஏறும்போது, தன் இயர்போன் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினாள். முதலில் இடி இடித்தது. இடிக்கு நடுவே ஒரு ஆண் உறுமினான். உறுமல் அடங்கிய இடத்தில் திடீரென்று ஒரு பெண் குரல், பளிங்கு மாதிரி, எனக்குத் தெரியாத மொழியில் எழுந்தது.

“அம்மா, பேகௌஃப்னா தமிழ்ல என்ன?”

இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? “அச்சமற்ற” என்றேன்.

“அது புஸ்தகத்துல. வீட்டுல எப்படிச் சொல்லுவோம்?”

“பயமில்லாம.”

சிரித்துவிட்டாள். “அந்த வார்த்தைய நீ வீட்டுல சொல்லி நான் கேட்டதே இல்லியே.”

யமுனா பேங்க் நிலையம் வந்தது. கதவு திறந்து மூடியது. நான் பதில் சொல்லவில்லை. இயர்போனையும் திருப்பித் தரவில்லை.

அந்த உறுமலுக்கு உரியவர் ஜயந்த் படுலா. குழுவின் பெயர் ப்ளட்டிவுட். 2016இல் தில்லியில் தொடங்கியது. கார்ப்பரேட் வழக்கறிஞராக இருந்த கரண் கட்டியார் வேலையை உதறிவிட்டு கிடாரும் புல்லாங்குழலுமாக உட்கார்ந்தார். படுலா கூடச் சேர்ந்தார். இந்திப் படப் பாடல்களை மெட்டலில் வறுத்தெடுத்து யூடியூபில் ஏற்றுவதுதான் ஆரம்ப வேலை. குழுவின் பெயரே அந்தக் கிண்டல்தான். பின்னால் ஆங்கிலத்தில் ராப் பாடும் ராவுல் கெர் சேர, கிண்டல் குறைந்து சொந்தச் சரக்கு கூடியது. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் நடக்கும் மெட்டல் திருவிழா மேடையில் ஏறினார்கள். உலகம் முழுவதிலுமிருந்து மெட்டல் பிரியர்கள் ஆண்டுதோறும் போய்ச் சேற்றில் புரளும் இடம் அது. அங்கே ஒரு பஞ்சாபி டோல் முழங்கியபோது கூட்டம் பங்க்ரா ஆட முயன்றதைப் படத்தில் பார்க்கலாம்.

முதல் ஆல்பமான ‘ரக்ஷக்’ 2022 பிப்ரவரியில் வந்தது. மெட்டல் என்றாலே சாத்தானும் மண்டையோடும் என்று நினைப்பவர்கள் இவர்கள் எதைப் பாடுகிறார்கள் என்று பார்த்தால் வியப்படைவார்கள். ‘ஜீ வீரே’ என்ற முந்தைய பாட்டு மனச்சோர்வில் தவிப்பவரிடம் பிழைத்திரு என்கிறது. ‘கத்தார்’ வெறுப்பை விதைத்து ஓட்டு அறுவடை செய்கிறவர்களைத் திட்டுகிறது. ‘தனா தன்’ பெண்களின் மீதான பாலியல் வன்முறைக்கு எதிரான கோபம். 2025 மார்ச் 21 அன்று இரண்டாவது ஆல்பம் ‘நு டெல்லி’ வெளியானது. எட்டுப் பாடல்கள். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் ராப்பும் மெட்டலும் கலந்து உருவான வகைக்கு நு மெட்டல் என்று பெயர். அதில் ஊர்ப் பெயரைக் கோத்துவிட்டார்கள். ஒரு பாட்டின் பெயர் ‘தட்கா’. நம் வீட்டுத் தாளிப்புதான். சாப்பாட்டைப் பற்றி மெட்டல் பாட்டு!

நான்காவது பாட்டுத்தான் ‘பேகௌஃப்’. அதில் விருந்தினராகப் பாடுவது ஜப்பானின் பேபிமெட்டல். 2010இல் உருவான இந்தக் குழுவில் மூன்று பெண்கள் பாடி ஆட, பின்னால் வாத்தியக்காரர்கள் பூகம்பம் உண்டாக்குவார்கள். நரித் தெய்வம் ஒன்றின் கட்டளைப்படி பாடுவதாக வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். மெட்டல் ரசிகர்கள் வழக்கமாக விரல்களால் கொம்பு காட்டுவார்கள். இவர்களுடைய ரசிகர்கள் நரி முகம் காட்டுகிறார்கள்.

ஒரு குழுவின் ஆல்பத்தில் வெளியார் வந்து வாசிப்பது புதிதல்ல. 1968இல் பீட்டில்ஸின் பாட்டு ஒன்றுக்கு எரிக் கிளாப்டன் கிடார் வாசித்தார். பிரேசிலின் செபுல்டுரா குழு ஷவாந்தே பழங்குடியினரின் ஊருக்கே போய் அவர்களோடு பதிவு செய்து 1996இல் வந்த ‘ரூட்ஸ்’ ஆல்பத்தில் சேர்த்தது. 1999இல் மெட்டாலிகா சான் ஃபிரான்சிஸ்கோ சிம்ஃபனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டது. விருந்தினர் பெயரால் ஆல்பம் விற்கும் என்பதும் ஒரு கணக்கு. அதில் தப்பில்லை. ஆனால் நல்ல விருந்தாளி வந்தால் வீட்டாருக்கே தங்கள் வீடு வேறு மாதிரி தெரியும். தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் தொல்காப்பியச் செய்யுளியலில் ‘விருந்து’ என்பது புதிதாகச் செய்யப்படும் நூலுக்குப் பெயர் என்று படித்தது ஞாபகம் வருகிறது. விருந்து என்றால் முதலில் புதுமை. வீட்டுக்குப் புதிதாக வருபவர் பிற்பாடுதான் விருந்தானார்.

நம் ஊர்க் கல்யாணங்களில் மறுவிருந்து உண்டல்லவா? அதுவும் நடந்தது. 2025 ஆகஸ்ட் 8இல் வந்த பேபிமெட்டலின் ‘மெட்டல் ஃபோர்த்’ ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களில் விருந்தினர்கள்தான். அமெரிக்காவிலிருந்து டாம் மொரெல்லோ, பாலிஃபியா, பாப்பி, ஜெர்மனியிலிருந்து எலெக்ட்ரிக் கால்பாய், கனடாவிலிருந்து ஸ்பிரிட்பாக்ஸ், ரஷ்யாவில் தோன்றிய ஸ்லாட்டர் டு ப்ரிவெய்ல். அந்தப் பந்தியில் தில்லிக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள். ப்ளட்டிவுட்டோடு சேர்ந்து பாடிய அந்தப் பாட்டின் பெயர் ‘கொன்! கொன்!’. ஜப்பானியர் காதில் நரி அப்படித்தான் கத்தும். கதவைத் தட்டினாலும் அதே ஓசைதான். தில்லியில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து வரும் கேள்வி ‘கௌன்?’. யார் என்று அர்த்தம். பேச்சில் அது ‘கோன்’ ஆகிவிடும். தட்டுகிறவரும் கேட்கிறவரும் ஒரே சொல்லைச் சொல்வதாக எனக்குப் பட்டது. மகளிடம் சொன்னேன். “இதெல்லாம் நல்லா சொல்லு. சனிக்கிழமை கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லாத” என்றாள்.

அவள் கேட்டது இதுதான். பிப்ரவரியில் இன்னொரு கல்லூரியின் ஆண்டு விழா. மெட்டல் குழுக்களின் போட்டி. தோழிகள் மூவர் போகிறார்கள். முடியப் பத்து மணி ஆகும். எங்கள் வீட்டுச் சட்டம் இரவு எட்டு மணி. அந்தச் சட்டத்தை இயற்றியது நான். அவள் அப்பா அதில் ஒரு கமாவைக்கூட மாற்றியதில்லை.

உடனே மறுக்க மனம் வரவில்லை. “முதல்ல இந்தச் சத்தம் என்னன்னு எனக்குப் புரியவை. அப்புறம் பார்க்கலாம்” என்று ஒரு தவணை கேட்டேன். பதிலுக்கு, சத்தம் வந்த வழியை நான் காட்டுவதாகச் சொன்னேன். விடுமுறை நாட்களில் இரண்டு பேரும் கிளம்பினோம்.

முதலில் கனாட் பிளேஸ் மரீனா ஆர்கேடில் இருக்கும் ரிக்கி ராம் கடை. தினமும் அந்த நிலத்துக்கு அடியில் ரயில் மாறுகிறோம். மேலே ஏறிப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சிதாரும் சரோடும் அடுக்கியிருக்கும் இந்தக் கடை 1920இல் லாகூரில் தொடங்கியது. பிரிவினையில் இடம்பெயர்ந்து தில்லிக்கு வந்தது. ரவிசங்கருக்குச் சிதார் செய்த குடும்பம். 1966 ஜூலையில், பிலிப்பைன்ஸில் பட்ட பாட்டோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்த பீட்டில்ஸ் தில்லியில் இறங்கினார்கள். ஜார்ஜ் ஹாரிசன் ரிக்கி ராமிடம் ஒரு சிதார் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே பீட்டில்ஸ் பாட்டொன்றில் அவர் சிதாரை வாசித்திருந்தார். ஆக, ராக் இசைக்குள் நம் வாத்தியம் விருந்தாளியாக நுழைந்து அறுபது வருடமாகிறது. லாகூரிலிருந்து அகதியாக வந்த கடை, லண்டனிலிருந்து விருந்தாளியாக வந்த பையனுக்குச் சிதார் விற்றிருக்கிறது. மகள் கடை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். தில்லிக்கார வாத்தியக் கடை என்று அதுவரை நினைத்திருந்தாளாம்.

தில்லிக்காரர் என்று யாரைச் சொல்வது? 1941 கணக்கெடுப்பில் தில்லியின் மக்கள்தொகை சுமார் 9 லட்சம். 1951இல் 17 லட்சத்துக்கு மேல். நடுவில் வந்தது 1947. மேற்குப் பஞ்சாபிலிருந்து ரயிலிலும் நடந்தும் வந்தவர்கள் கூடாரங்களில் தங்கினார்கள். அப்புறம் லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், படேல் நகர் என்று குடியிருப்புகள் எழுந்தன. அதே வேகத்தில் முகலாயர் காலத்துக் குடும்பங்கள் பல எல்லை தாண்டிப் போயின. பழைய வீட்டுக்காரர் போக, விருந்தாளி வீட்டுக்காரர் ஆன ஊர் இது. அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் ஒன்றுதான் டோல்.

டிசம்பர் தில்லிக்குக் கல்யாண மாதம். லாஜ்பத் நகரின் ஒரு தெருவில் நாங்கள் நின்றபோது, மாப்பிள்ளை ஊர்வலம் ஒன்று போக்குவரத்தை மறித்து ஆடிக்கொண்டிருந்தது. குதிரை, மின்விளக்குக் குடைகள், நடுவில் இரண்டு டோல்காரர்கள். மகள் ஒருவரை நெருங்கி குச்சிகளைக் காட்டும்படி கேட்டாள். பெருமையாகக் காட்டினார். ஒன்று தடியானது, நுனி வளைந்தது. அதற்கு டக்கா என்று பெயர். முழங்கும் பக்கத்துக்கு அது. இன்னொன்று மெல்லிய பிரம்பு. சுரீரென்று ஒலிக்கும் பக்கத்துக்கு. அதன் பெயர் தில்லி. தமிழில் எழுதினால் ஊரும் குச்சியும் ஒன்றாகிவிடுகின்றன.

மெட்டலில் டோல் எப்படிப் பொருந்துகிறது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. மெட்டல் கிடாரில் தடித்த கம்பியை வழக்கத்தைவிடத் தளர்த்தி வைக்கிறார்கள். வலது உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டே மீட்டும்போது, சுரம் நீளாமல் ‘டக் டக்’ என்று அறுபட்டு, தாள வாத்தியம் போலவே ஒலிக்கிறது. டோலின் தடிக்குச்சி அந்தக் கிடாரோடு சேர்ந்து நெஞ்சில் இடிக்கிறது. பிரம்புக் குச்சி அதற்கு மேலே துள்ளி விளையாடுகிறது. பங்க்ராவின் ‘சால்’ எட்டு எண்ணிக்கை கொண்டது. எட்டும் சம இடைவெளியில் விழாது. கொஞ்சம் நொண்டி அடிக்கும். அந்த நொண்டலில்தான் தோள் தானாகக் குலுங்குகிறது. மெட்டல் தாளமோ ராணுவ நடை. இரண்டையும் மோதவிட்டால், தலையும் ஆடும், தோளும் ஆடும். ப்ளட்டிவுட்டில் டோல் வாசிக்கும் சார்த்தக் பாவாவை இதற்குப் பிறகு நான் கவனித்துக் கேட்க ஆரம்பித்தேன். கும்பகோணம் பக்கம் தவிலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஒன்றும் அந்நியமாகப் படவில்லை.

“நீ கால் தட்டற” என்றாள் மகள், மெட்ரோவில். உண்மைதான்.

இந்த ஊருக்கு மெட்டலோடு பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 2011 அக்டோபர் 28 அன்று, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஒட்டி, மெட்டாலிகா தில்லியை அடுத்த குர்கானில் பாட இருந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பையன்கள் ரயிலேறி வந்திருந்தார்கள். பாதுகாப்புப் பிரச்சினை என்று நிகழ்ச்சி நின்றது. கூட்டம் தடுப்பை உடைத்து மேடையில் ஏறிக் கருவிகளை நொறுக்கியது. இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரில் பாடியது. ஒரு சிக்கலும் இல்லை. விருந்துக்கு அழைத்து இலையைப் போட்டுவிட்டுச் சோறு போடாமல் அனுப்பிய கதை. பசித்தவன் இலையைக் கிழித்தான். மெட்டல் என்றால் கலாட்டா என்று அன்று என் மனதில் பதிந்தது. மகளுக்கு அனுமதி மறுக்க எட்டு மணிச் சட்டத்தோடு இந்தச் சம்பவமும் துணைக்கு இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மாலை நிஜாமுதீன் போனோம். பூக்கடைகளும் கபாப் புகையும் நிறைந்த சந்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், பளிங்கு முற்றம். நிஜாமுதீன் அவுலியாவின் முன்னோர் புகாராவிலிருந்து வந்தவர்கள். அவருடைய சீடர் அமீர் குஸ்ரோவின் தந்தை துருக்கி வழியினர், தாய் இந்த மண்ணைச் சேர்ந்தவர். குரு 1325இல் இறந்தார். அதே ஆண்டு சீடரும் போய், காலடியில் படுத்துக்கொண்டார். எழுநூறு வருடமாகியும் பாட்டு நிற்கவில்லை. கவ்வாலி பாடுகிறவர் கையை உயர்த்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏற்றிப் பாடுகிறார். கைதட்டல் தாளம் போடுகிறது. ஹார்மோனியம் இழுக்கிறது.

இந்த ஹார்மோனியமும் ஒரு விருந்தாளிதான். ஐரோப்பாவில் பிறந்து, கப்பலேறி வந்து, இங்கே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. நம் இசையின் கமகத்துக்கு இது ஒத்துவராது என்று சொல்லி, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. 1971 வரை தடை இருந்தது. நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்த முப்பது வருடமும் தர்காவில் அது பாட்டோடு ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. வாசலில் நிறுத்தப்பட்ட விருந்தாளி பின்கட்டு வழியாக வீட்டுக்காரராகிவிட்ட கதை.

ஆனால் அன்று மாலை இன்னொன்றையும் பார்த்தோம். சமாதி அறைக்குள் ஆண்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பெண்களுக்கு அனுமதி இல்லை. பளிங்குச் சல்லடைக்கு வெளியே உட்கார்ந்து, துவாரத்தில் நூல் கட்டி வேண்டிக்கொள்ளலாம். 2018 டிசம்பரில் சட்டம் படிக்கும் மாணவிகள் சிலர் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே வளாகத்தில், சில அடி தூரத்தில், ஷாஜஹானின் மகள் ஜஹானாரா வானம் பார்த்த சமாதியில் புல்லுக்கடியில் உறங்குகிறாள். இறந்த பிறகு ஒரு பெண்ணுக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது. மகள் சல்லடையில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். “உள்ள போகணும்னு ஆசையா?” என்று கேட்டேன். “போக முடியும்னா போகாமகூட இருப்பேன்” என்றாள்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள், அவள் கேட்காமலேயே, அவளை முனிர்காவுக்குக் கூட்டிப்போனேன்.

முனிர்கா பேருந்து நிறுத்தம் பார்க்கத் தகுந்த இடமல்ல. மேம்பாலம், தூசு, ஆட்டோக்காரர்கள். 2012இல் எங்கள் வீடு அங்கே பின்தெருவில் இருந்தது. மகளுக்கு ஐந்து வயது. தினமும் அந்த நிறுத்தத்தில்தான் பஸ் ஏறினேன். டிசம்பர் 16 இரவு, சாகேத்தில் சினிமா பார்த்துவிட்டு நண்பரோடு வந்த பிசியோதெரபி மாணவி ஒருத்தி அதே நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸில் ஏறினாள். அப்புறம் நடந்ததை நாடு அறியும். பதின்மூன்றாம் நாள் சிங்கப்பூர் மருத்துவமனையில் இறந்தாள். சட்டப்படி அவள் பெயரை எழுதக்கூடாது. ஓர் ஆங்கில நாளேடு நிர்பயா என்று பெயர் சூட்டியது. அச்சமற்றவள். ஊரே பயத்தில் உறைந்திருந்த நேரத்தில் அவளுக்குக் கிடைத்த பெயர் அது.

அந்த வாரங்களில் இந்தியா கேட்டிலும் ஜந்தர் மந்தரிலும் கல்லூரிப் பெண்கள் குளிரில் நின்று கத்திய கோஷங்களில் ஒன்று, ‘பேகௌஃப் ஆசாதி’. பாதுகாப்பு என்ற பெயரில் எங்களைப் பூட்டி வைக்காதே, பயமில்லாமல் நடமாடும் விடுதலையைக் கொடு என்பது அதன் சாரம். நானும் ஒரு நாள் போய் நின்றேன். செய்தியில் அதை ‘அச்சமற்ற விடுதலை’ என்று தமிழாக்கினேன். நீதிபதி வர்மா குழு ஒரே மாதத்தில் எழுதி 2013 ஜனவரி 23இல் கொடுத்த 630 பக்க அறிக்கையின் சில பகுதிகளையும் மொழிபெயர்த்தேன். அந்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. நானும் அந்த ஆண்டே முனிர்கா வீட்டைக் காலி செய்து யமுனைக்கு இந்தப் பக்கம் வந்தேன். மகளுக்கு எட்டு மணிச் சட்டம் பிறந்ததும் அப்போதுதான், அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிவதற்கு முன்பே.

நிறுத்தத்து இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். பேருந்துகள் வந்து போயின. பெண்களுக்கு இலவசப் பயணம் 2019 அக்டோபரில் வந்தது. அதன் பிறகு பஸ்களில் பெண்கள் கூட்டம் கூடியிருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். கூட்டமாக இருக்கும் இடத்தில் பயம் கொஞ்சம் குறையும். என்னுடையது குறையவில்லை.

“அப்ப அந்த வார்த்தை உனக்கு முன்னாடியே தெரியும்” என்றாள் மகள்.

“தெரியும்.”

“எழுதியிருக்க. வீட்டுக்குக் கொண்டுவரல.”

பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது மடமை என்பது வள்ளுவர் கட்சி. அதை எடுத்துச் சொல்ல வாய் வந்தது. ஆனால் எது பயப்பட வேண்டியது என்று யார் தீர்மானிப்பது? பதின்மூன்று வருடமாக அவளுக்காக நான் தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன். ப்ளட்டிவுட்காரர்கள் தலைப்பு வைக்கும்போது அந்தக் கோஷத்தை நினைத்தார்களா என்று எனக்குத் தேவையில்லை. தில்லியில் அந்தச் சொல்லுக்கு அந்த நாளின் வாசனை உண்டு. அதைத் தில்லி ஆண்கள் பாட, ஜப்பானியப் பெண்கள் கூடப் பாடுகிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ‘பே’, அரபியிலிருந்து வந்த ‘கௌஃப்’. சொல்லே விருந்தாளி. பாடுகிறவர்களும் விருந்தாளிகள். அதைக் கேட்கிற நானும் காவிரிக் கரையிலிருந்து வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவள். என் மகள்தான் இங்கேயே பிறந்தவள். இது அவள் ஊர். சொந்த ஊரில் அவளை நான்தான் விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறேன், நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகிறவளாக.

“சனிக்கிழமை போயிட்டு வா” என்றேன். “நான் வரல. ஸ்டேஷனுக்கும் வரல.”

சொல்வது எளிது. அன்று மாலை ஏழு மணிக்கே சமையலை முடித்தேன். எட்டு மணி அடித்தபோது கை தானாகத் தொலைபேசியைத் தேடியது. எடுக்கவில்லை. ஒன்பது மணிக்கு ‘பேகௌஃப்’ போட்டுக் கேட்டேன். பத்து மணிக்கு அவள் அப்பா, “வேணும்னா ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வரவா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பத்தரைக்கு நானே பால்கனியில் போய் நின்றேன். தெரு விளக்குகளில் ஒன்று எரியவில்லை. அது இரண்டு வாரமாக எரியவில்லை. குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தோம்.

பத்து நாற்பதுக்குக் கதவு தட்டப்பட்டது. “கோன்?” என்றேன், ஊர் வழக்கப்படி.

“கொன் கொன்” என்றது வெளியே இருந்த நரி.

முழங்காலில் சிராய்ப்பு. தொண்டை கட்டியிருந்தது. கண்ணில் மட்டும் தூக்கமே இல்லை. மேடைக்கு முன்னால் வட்டமாக ஓடி மோதிக்கொள்ளும் இடத்தில் கீழே விழுந்துவிட்டாளாம். “ஒரு செகண்டும்மா. நாலஞ்சு பசங்க கையக் கோத்து சுத்தி நின்னுட்டாங்க. ஒருத்தன் தூக்கிவிட்டான். இன்னொருத்தன் கண்ணாடிய எடுத்துத் துடைச்சுக் கொடுத்தான். விழுந்தவங்களத் தூக்கிவிடணும், அதுதான் அங்க ரூல்.” குர்கான் மேடையை நொறுக்கிய கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் இந்த விதி தெரிந்திருக்கும்.

ரசம் சாதம் பிசைந்து கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே வந்த வழியைச் சொன்னாள். பெண்கள் பெட்டியில் கூட்டம் இருந்தது. தோழி ஒருத்தி யமுனா பேங்க் வரை கூட வந்தாள். நிலையத்திலிருந்து நடந்துதான் வந்தாள்.

“பாட்டுக் கேட்டுக்கிட்டேவா?”

“இல்ல. அந்த விளக்கு எரியாத இடம் வந்ததும் ரெண்டையும் கழட்டிப் பையில போட்டுட்டேன். பின்னால யாராவது வந்தாக் கேக்கணும்ல?” என்றாள், சாதாரணமாக.

நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எப்போது கற்றுக்கொண்டாள் என்றும் தெரியவில்லை. தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தத் தெரு விளக்குக்காக மாநகராட்சிக்கு நானே மனு எழுதினேன், இந்தியில்.